பேஜாரே இல்லாத குப்பம்

"ராத்திரி தூக்கம் வருதா?"

"அடிச்சுப் போட்டாப்பல தூங்குறேன்," என்றாள் செங்கம்மாள், கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

ஸத்யபாமா நிமிர்ந்து பார்த்தாள். கடலுக்குப் போன மகன் திரும்பாத நாளிலிருந்து கண்ணை மூடவே முடியவில்லை என்று போன மாதம் சொன்னவள் இதே செங்கம்மாள்தான்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா?"

"இன்னாத்துக்கு அடிச்சுக்கணும்? நல்லா கீறேன்."

ஸத்யபாமா திருவள்ளூர்ப் பெண். மனோதத்துவத்தில் ஆராய்ச்சி. வெள்ளைக்காரர்கள் தயாரித்த கேள்விகளைத் தமிழாக்கி, பழவேற்காட்டுக் குப்பத்துக்குக் கொண்டு வந்திருந்தாள். முதலில் 'மன இறுக்கம்' என்று எழுதினாள். வாயுத் தொல்லையா என்று கேட்டார்கள். 'பேஜாரு' என்று மாற்றிய பிறகு ஊரே மடை திறந்த மாதிரி பேசியது.

இப்போது அதே ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டும். பதில்கள் ஒத்துப்போனால் கேள்விகள் தேறும். போகாவிட்டால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்லியிருந்தார் புரொபசர் ஜகந்நாதன்.

காலையிலிருந்து கேட்டாகிவிட்டது. தாயாரம்மாளுக்குப் பேஜாரு இல்லை. படகு உடைந்துபோன மணவாளனுக்கும் இல்லை. ஒரே மாதத்தில் குப்பமே குணமாகியிருந்தது.

ஸத்யபாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"போன தடவை அவ்வளவு கஷ்டம் சொன்னீங்களே. சர்க்கார்ல ஏதாவது குடுப்பாங்கன்னு நினைச்சுச் சொன்னீங்களா?"

செங்கம்மாள் அடுத்த கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சதும் மாத்திட்டீங்க. அப்படித்தானே? உங்களை நம்பி நான் இவ்வளவு தூரம் வரேன். எதுங்க பொய்? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?"

"இன்னிக்குச் சொல்றதுதான்," என்றாள் செங்கம்மாள் நிதானமாக.

"எதுக்காக?"

செங்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"போன தபா எங்க கதைய கேட்டுட்டு, பொன்னேரி போற வரைக்கும் பஸ்ஸுல அழுதுகினே போனியாமே. கண்டக்டர் வந்து சொன்னாரு. ஊட்டை வுட்டு இம்மாந்தூரம் வர்ற பொண்ணு, இன்னொரு தபா அழ வுடக்கூடாதுன்னு எல்லாரும் பேசி வெச்சுக்கினோம் கண்ணு."