தலைமாட்டுக் கயிறு

“எட்டாம் நம்பரா? எனக்கா? இவரோட முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கா?”

டூகல்ட் ரெனி அந்தச் சின்ன அட்டையைச் சாப்பாட்டு மேஜைமேல் அடித்த அடியில் உப்புக்குப்பி சாய்ந்தது.

“உட்காருப்பா. சூப் ஆறுது,” என்றார் எஃபி சீமாட்டி. “கயிறு எட்டு. யாராவது ஒருத்தர் கடைசி ஆளா நின்னுதானே ஆகணும்?”

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகள்தான் அவை. யார் எதைப் பிடிப்பது என்று வீட்டார் எண் போட்டு அட்டை கொடுத்துவிடுவார்கள். ஒன்றாம் எண் தலைமாடு, ரொம்ப நெருங்கியவருக்கு. இரண்டு கால்மாடு. அதற்கப்புறம் எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். டண்டீ ஊரே சுற்றி நின்று அதைக் கணக்கெடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகும்.

“ஒண்ணாம் நம்பர் யாருக்கு?”

“டார்க்விலுக்கு. மூத்த பிள்ளைக்குத்தானே கொடுக்கணும்?”

“கனடாவுல பன்றி வளர்க்கிறானே, அவனுக்கா! ரெண்டாம் நம்பர்?”

“இவரோட கோல்ஃப் ஆடற டாக்டருக்கு.”

“பிரமாதம்! பன்றிக்குத் தலை, கோல்ஃபுக்குக் கால். இந்த மனுஷன் கட்டின ஒரு கட்டிடத்துக்குள்ளயாவது அவங்க ரெண்டு பேரும் போயிருக்காங்களா?”

“மழை ஒழுகுமேன்னு பயந்திருப்பாங்க.”

“ஒழுகறது என் தப்பில்ல!” டூகல்ட் எழுந்தே விட்டார்.

‘ஸ்காட்லாந்தின் கற்களைப் பேசவைத்தவர்’ என்று பத்திரிகைகள் எஃபியின் கணவர், கட்டிடக் கலைஞர் சர் லக்லன் மக்காஸ்கிலைப் புகழ்ந்தபோதெல்லாம், அந்தக் கற்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர் டூகல்ட்தான். நூலகம், நகர மண்டபம், பெர்த் தேவாலயம் எல்லாமே அவர் கை வரைந்தவை. மூலையில் போட்ட கையெழுத்து மட்டும் சர் லக்லனுடையது. ‘சர்’ பட்டம் வாங்க அரண்மனைக்குப் போன அன்று, வாசலில் மழையில் குடையோடு காத்து நின்ற பெருமையும் டூகல்டுக்கே.

“கட்டிடத்துலதான் என் பேரு இல்ல எஃபி. குழியோரத்துலயாவது ஊருக்குத் தெரியட்டும். எனக்கு அந்த முதல் கயிறு வேணும்!”

“இவரே உட்கார்ந்து படம் போட்டு, யார் எங்கேன்னு குறிச்சு வச்சதுப்பா. நான் என்ன பண்ண?”

“இவரா படம் போட்டாரு? அதிசயம்தான்! இவரு தனியா வரைஞ்சது வாழ்க்கையிலேயே ஒண்ணே ஒண்ணு. அர்புரோத் கடற்கரைக் கழிப்பிடம்! கதவைக் கடலைப் பார்த்து வச்சாரு. காத்தடிச்சா உள்ள போனவன் கதவைத் தள்ளவே முடியாது. பாவம், ஒரு பாதிரியார் சாயங்காலம் வரைக்கும் உள்ளேயே ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாரு!”

எஃபி சீமாட்டி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று டூகல்ட் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையிலும் இல்லை.

“அடக்கத்தன்னைக்கு இவரைப் புகழ்ந்து நாலு பேர் பேசுவாங்க இல்ல? அப்ப நான் எழுந்து சொல்லுவேன். நூலகம் நான். மண்டபம் நான். தேவாலயம் நான். கக்கூஸ் மட்டும் இவரு!”

டூகல்டுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது ஒருவழியாக வெளியே வந்துவிட்டது.

மேஜையின் கோடியில் அதுவரை தலை நிமிராமல் சூப் குடித்துக்கொண்டிருந்த சர் லக்லன் மக்காஸ்கில், கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“முதல் கயித்தை அவனுக்கே கொடுத்துடு எஃபி. ஆனா அன்னைக்குக் குனிஞ்சே நிக்கச் சொல்லு. நிமிர்ந்தான்னா, போன வாரம் நான் தலைமாட்டுல நட்டு வச்ச கல்லறைக் கல்லுல என் பேரு மறைஞ்சுடும்.”