பி.ஏ. பேசுறேன்

“வணக்கம், எம்.எல்.ஏ.வோட பி.ஏ. ஃபரீத் பேசுறேன்” என்றார் அவர், இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

“நாரணாபுரத்துல இருந்து பொன்னுத்தங்கம் பேசுறேங்க. எம்.எல்.ஏ. இல்லையா?”

“சட்டசபை நடக்குதுல்ல, சென்னைக்குப் போயிருக்காக. என்கிட்டச் சொல்லுங்கம்மா.”

“எங்க ஊருக்குச் சாயங்காலம் வர்ற பஸ்ஸை நிறுத்திட்டாகய்யா. எம் மக பிரீத்திகா காலேஜு விட்டு இருட்டுல நடந்து வாரா. திங்கக்கிழமையில இருந்து படிப்பு வேண்டாம், பயர் ஆபீசுக்கு, அந்தப் பட்டாசு ஆலைக்கு, வெடி சுத்தப் போறேங்கா. அவ அப்பாவைப் பறிகுடுத்த வேலைங்க அது.”

அவர் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டார்.

“ஓட்டுக் கேக்க வந்தப்ப உங்க எம்.எல்.ஏ. எம் புள்ளகிட்ட, ‘நீ படிம்மா, நான் இருக்கேன்’னு சொன்னாரு. எங்கன இருக்காரு? கடை திறக்கக் கூப்பிட்டா மட்டும் ஓடி வாராரு. மாலையைக் கண்டாத்தான் அவரு கழுத்து திரும்பும்போல.”

“அவர்கிட்டச் சொல்றேம்மா.” குரல் இறங்கியிருந்தது.

“ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“திங்கக்கிழமைக்குள்ள பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லுங்க, எம்.எல்.ஏ. ஐயா.”

எம்.எல்.ஏ. காளிராஜ் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “எப்படிம்மா கண்டுபிடிச்சீக?”

“எங்க தெருவுல மைக்கு பிடிச்சு ஓட்டுக் கேட்ட குரல்தானே. உங்களை நேரா வைய மனசு வரல. பி.ஏ.ன்னு சொன்னீகளா, அதான் கொட்டிட்டேன்.”

போனை வைத்தவர் உடனே பஸ் டிப்போ மேனேஜரைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க பி.ஏ. சார்” என்றார் மேனேஜர், வழக்கம்போல.

“பி.ஏ. இல்லங்க. காளிராஜ்தான் பேசுறேன்.”