பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு டன்

“ரெண்டு டன். அதுக்குக் கீழே பேச்சே கிடையாது” என்றார் வீட்டுக்காரர்.

ஏசி மெக்கானிக் டேப்பை மறுபடியும் சுவரில் பிடித்தான். பத்துக்குப் பத்து. இரண்டாம் முறை அளந்தால் அறை வளர்ந்துவிடுமா என்ன?

“சார், இதுக்கு ஒரு டன்னே தாராளம். ரெண்டு டன் போட்டா அஞ்சு நிமிஷத்துல குளிர்ந்து நின்னுடும். காத்துல ஈரம் அப்படியே தங்கும். சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும்.”

“பூஞ்சைதானே? துடைச்சுக்கிறேன்.”

போன மாதம் ஒருவரின் பிடிவாதத்துக்கு இப்படித்தான் பெரிதாக மாட்டிவிட்டு வந்தான். அவர் பூஞ்சையைப் படம்பிடித்துக் கடைக்கு அனுப்பினார். ‘இன்னொரு புகார் வந்தா வேற வேலை பாத்துக்கோ’ என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“ஃபேனை ஒண்ணுல வச்சாலே போர்வையைத் தேடுறவரு. இவருக்கு ரெண்டு டன்!” கதவில் சாய்ந்து நின்ற மனைவி சிரித்தாள். “பக்கத்து வீடு எங்க அக்கா வீடு. அங்க ஒன்றரை டன் வந்ததுலேர்ந்து இந்த மனுஷன் தூங்கலை தம்பி.”

“உங்க அக்கா புருஷனைப் பத்தி இப்ப யாரு கேட்டா?”

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. சகலைகள் இருவரும் டன் கணக்கில் மோதிக்கொள்கிறார்கள். கடையில் மூன்று டன் இருப்பதை இவர் காதில் போடக்கூடாது.

“வெளி யூனிட்டைப் பின்சுவர்ல மாட்டிடலாமா சார்?”

“வேண்டாம். இந்தப் பக்கம்.”

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். கையகலச் சந்து. எதிரே சகலை வீட்டுப் படுக்கையறை ஜன்னல். அதன் கீழே அவர்கள் வீட்டு வெளி யூனிட், இந்த வீட்டைப் பார்த்தபடி.

“இங்க ஏணியே நிக்காது சார்.”

“நிக்கிற ஏணியா வாங்கித் தர்றேன்.”

“அப்போ எழுதிக் குடுத்திடுங்க. ரெண்டு டன் நான்தான் கேட்டேன், குளிர், ஈரம்னு கடைக்குப் புகார் பண்ண மாட்டேன்னு.”

மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது. ஆனாலும் மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை.

“கடைசியா ஒருதரம் சொல்றேன் சார். ஒரு டன்னே இந்த அறையை ஐஸாக்கிடும்.”

மனைவி சமையலறைக்குப் போகும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உள்ளே எவ்வளவு குளிரும்ங்கிறதை விடுங்க தம்பி. வெளியே எவ்வளவு அனல் கக்கும்?”