பாடகரின் தொண்டைக்கட்டு

மிக்ஸி இடுக்குகளைத் தேய்க்கும் பழைய பிரஷ்ஷுக்கு, சமையல் மேடையில் போன் பாடினால்தான் வேலை ஓடும். அன்று பாட்டு கரகரவென்று வந்தது.

"பாடகருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு," என்ற போன், வேறு பாட்டைப் போட்டது. அதுவும் கரகரத்தது. "இந்தம்மாவுக்கும் அதேதான். எல்லாப் பாட்டையும் அழிச்சிடப் போறேன்."

பிரஷ்ஷுக்குப் பகீரென்றது. "அண்ணே, எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா தொண்டை கட்டும்? கொஞ்சம் திரும்புங்க, பார்க்கிறேன்."

ஸ்பீக்கர் ஓட்டைகளில் கோதுமை மாவு அப்பியிருந்தது. சப்பாத்திக்குப் பிசைந்த கையோடுதானே அந்த வீட்டில் போனை எடுக்கிறார்கள்? பிரஷ் பதமாகத் தேய்த்து மாவை உதிர்த்தது. கூச்சம் தாங்காமல் போன் நெளிந்து நெளிந்து சிரித்தது.

பிறகு முதல் பாட்டையே மறுபடி போட்டது. கணீரென்று வந்தது. பிரஷ் மேடை முழுக்க ஆடித் தீர்த்தது.

"பார்த்தியா," என்றது போன், "அவருக்குத் தொண்டை சரியாப் போச்சு."