சானமாவு நிறுத்தம்

கம்பெனி பஸ்ஸில் வருபவர்களின் பெயரையும் நிறுத்தத்தையும் அதியா கம்ப்யூட்டரில், பைத்தான் நிரலில் பெயருக்கு நேரே நிறுத்தம் வரும்படி ஒரு டிக்‌ஷனரியாகப் போட்டு வைத்திருந்தாள்.

“சானமாவு காட்டுல யாரும்மா ஏறப் போறா? ஆளில்லேன்னா அந்த ஸ்டாப்பையே தூக்கிடலாம்” என்றார் மேலாளர் அழகர்சாமி.

அதியா சானமாவை மட்டும் வடிகட்டிப் பார்த்தாள். வந்தது ஒரே பெயர், அவளுடையது. அவள் வீடோ ராயக்கோட்டையில். எங்கோ தப்பாக அடித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே திருத்தினாள். மறுபடி வடிகட்டியபோது யாரும் வரவில்லை. நிறுத்தம் எடுக்கப்பட்டது.

அன்று மாலை, பஸ் சானமாவில் நின்றது.

“அதியாம்மா, உங்க ஸ்டாப்பு” என்றார் டிரைவர்.

“நான் ராயக்கோட்டைண்ணா!”

“தெனமும் இங்கதானே எறங்குறீங்க?”

எல்லோரும் பழகியவர்கள்போல் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். பக்கத்து இருக்கைத் தங்கமணி, அதியாவின் சாப்பாட்டுக் கூடையை ஜன்னல் வழியே வெளியே நீட்டினாள். இருட்டில் யாரோ வாங்கிக்கொண்டார்கள்.