மூணு கரண்டிப் பால்

"என் தம்பி வாயில ஒரு சொட்டுப் பால் ஊத்துறதுக்கு உங்கிட்ட மனுப் போட்டுட்டா வரணும்?"

ராக்கம்மாள் போட்ட சத்தத்தில் பாளையம்பட்டி தெருவே எட்டிப் பார்த்தது. புதன்கிழமை காலை, பரளச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். தூக்குச்சட்டியில் சொந்த மாட்டுப் பால், சுண்டக் காய்ச்சி, சீனி போட்டது.

கட்டிலில் கிடப்பது கூடப்பிறந்த தம்பி முத்துராஜ். தொண்டையில் புற்று. இனி வைத்தியம் கிடையாது, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லி ரெண்டு மாசம் ஆகிறது.

அவன் பொண்டாட்டி தங்கமாரி கட்டிலை மறித்து நின்றாள்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீக. வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு வாராவாரம் வந்து பார்க்கிற நர்ஸம்மா சொல்லியிருக்காக. மூக்குக் குழாய்லதான் கஞ்சித்தண்ணி. வேணும்னா ஈரத்துணியால உதட்டை நனைச்சு விடுங்க."

"ஈரத்துணியா? எங்கய்யாவுக்கு நான்தான் கடைசிப் பால் ஊத்துனேன். எங்காத்தாளுக்கும் நான்தான். பொறந்தவ கையால பால் வாங்காமப் போனா அந்தக் கட்டை வேகுமாடி?"

"அவுக போகட்டும்னு யாரு மதினி நினைக்கா? சனிக்கிழமை மதன்குமாரு வாரான். அவன் வந்து அப்பா முகத்தைப் பார்க்கிற வரைக்குமாவது..."

ஒரே மகன், மஸ்கட்டில் வேலை. டிக்கெட் போட்டாகிவிட்டது.

ராக்கம்மாளுக்கு இதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. பட்டினி போட்டே அனுப்பிவிடுவாள் போலிருக்கிறதே, கல்நெஞ்சுக்காரி! சின்னதில் இவள் இடுப்பைவிட்டு இறங்காத பயல், இப்படி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான். எப்படியும் ஒரு நேரம் நகராமலா போவாள் என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பதினொரு மணிக்குத் தெருவில் தண்ணி வண்டி ஹாரன் அடித்தது. விட்டால் இன்னும் மூணு நாளைக்கு நல்ல தண்ணி கிடையாது.

"மதினி, செத்த பார்த்துக்கங்க," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு தங்கமாரி ஓடினாள்.

ராக்கம்மாள் கரண்டியை எடுத்தாள்.

"ஏலே முத்து, அக்கா வந்திருக்கேன்டா. வாயைத் திற ராசா."

முதல் கரண்டி உள்ளே போனது. ரெண்டாவது கரண்டிக்கு முத்துராஜ் கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கண்ணில் தண்ணீர். அடப்பாவி, எத்தனை நாள் ஏக்கமோ என்று அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூணாவது கரண்டியில் இருமல் பிடித்தது. நெஞ்சை நீவிவிட்டாள். இருமல் அடங்கியதும்தான் அவளுக்கு மனசு குளிர்ந்தது. இனி எப்போது போனாலும் குறையில்லாமல் போவான்.

தங்கமாரி குடத்தோடு வந்தாள். புருஷன் தாடையில் வழிந்திருந்த பாலைப் பார்த்தாள். இடுப்புக் குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

ஏதாவது கேட்கட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ராக்கம்மாள் தயாராக இருந்தாள். அவளோ ஒன்றும் பேசாமல் தலையணையை உயர்த்தி வைத்து, அவன் வாயைத் துடைக்க ஆரம்பித்தாள்.

குத்தமுள்ள மனசு, எப்படிப் பேசும் என்று நினைத்துக்கொண்டாள் ராக்கம்மாள்.

சாயங்காலம் முத்துராஜுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வியாழக்கிழமை விடியும்போது அவன் இல்லை.

கிடைத்த ஃப்ளைட்டைப் பிடித்து மதன்குமார் மறுநாள் வந்து சேர்ந்தான். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்து அவன் அழுததைப் பார்த்து ஊரே கலங்கிப் போனது.

ராக்கம்மாள் பால் சேதியை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுகிற ஆளா அவள்? பதினாறாம் நாள் கருமாதிக்கு சொந்தபந்தம் அத்தனையும் கூடும். 'கட்டுனவ குடுக்காத பாலை நான்தான் குடுத்தேன்' என்று அன்றைக்குப் போட்டு உடைத்து, தங்கமாரியைத் தலைகுனிய வைக்க வேண்டும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த நாளும் வந்தது. பந்தி முடிகிற நேரத்தில் துக்கம் கேட்க நர்ஸ் காளீஸ்வரி வந்தாள். தங்கமாரி கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தத் திங்கக்கிழமை நான் பார்க்கிறப்ப நெஞ்சு தெளிவாத்தானேக்கா இருந்துச்சு. மகன் வர்ற வரைக்கும் தாங்குவாருன்னுதான் நினைச்சேன். வாய் வழியா ஏதும் குடுத்தீங்களா?"



"குடுத்தா என்ன ஆகும் சிஸ்டர்?" மதன்குமார் கேட்டான்.

ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்று ஆகிவிட்டது காளீஸ்வரிக்கு. "இல்ல தம்பி... முழுங்க முடியாதவங்களுக்கு அது வயித்துக்குப் போகாது. நுரையீரலுக்குப் போயிரும். தண்ணியில முங்குன மாதிரி மூச்சு முட்டும்."

ராக்கம்மாளுக்கு அந்த ரெண்டாவது கரண்டி ஞாபகம் வந்தது. அய்யோ, ஆசையில் பிடித்தான் என்று நினைத்தாளே, அந்தக் கை வேண்டாம் வேண்டாம் என்று தடுத்த கையா?

"யாரும்மா குடுத்தது?" மதன்குமார் தாயின் தோளைப் பிடித்து உலுக்கினான். "என்னைய எங்கப்பா முகத்தை உசுரோட பார்க்க விடாமப் பண்ணுனது யாரு?"

பந்தியில் இருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ராக்கம்மாள் நினைத்திருந்த மாதிரியே எல்லாரும் கூடித்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மதினி இருந்த பக்கம் தங்கமாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான்ய்யா குடுத்தேன்," என்றாள். "மனசு கேக்கல."