யானை சம்மதித்த படம்

காட்டுச் சாலையில் காட்சிமுனை வந்ததும் குப்புராஜ் காரை நிறுத்தினார். கீழே செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்கு. சாலைக்கு மறுபக்கம், வேலிக்கு அப்பால் ஒரு கொம்பன் யானை மூங்கிலை முறித்துத் தின்றுகொண்டிருந்தது.

இந்தக் காட்டில் எந்த உயிரையும் அதன் சம்மதம் இல்லாமல் படம் எடுக்க முடியாது. சம்மதிக்காதது வெறும் புகைமூட்டமாகத்தான் பதியும். போன வருஷம் ஐம்பது படம் எடுத்து ஐம்பதிலும் புகையைப் பார்த்தவர், இந்தத் தடவை பணிவோடு வந்திருந்தார்.

"சாமீ, ஒரேயொரு படமுங்க. கொஞ்சம் இப்பிடிப் பாத்தீங்கன்னாப் போதுமுங்க" என்று யானையைக் கும்பிட்டார். அவருடைய மனைவி தங்கமணி கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. யானை காதை அசைத்து நேராகப் பார்த்தது. கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஏ தங்கமணி, ஓடியா! அந்தக் கல்லுகிட்ட நில்லு. சிரி!"

தங்கமணி ஓடிப்போய் நின்றாள், சிரித்தாள்.

படத்தில் யானையின் கண் இமைமுடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. கல்லுக்குப் பக்கத்தில் மஞ்சள் சேலை நிறத்தில் ஒரு புகை நின்றது.

"கேமரா கெட்டுப்போச்சு" என்று அவர் காட்சிமுனையில் காவலுக்கு நின்ற வனக்காவலர் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது. யானை சரின்னுருச்சு. அக்காவ நீங்க இன்னும் கேக்கவே இல்லீங்களே."

குப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தங்கமணி... ஒரு படம் எடுத்துக்கலாமுங்களா?"

தங்கமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொருக்கா கேளுங்க. கேக்க நல்லாருக்குது."